கருங்காலியின் அப்பா எழுதிக்கொள்வது

சட்பரி, கனடா,
நவம்பர் 14, புதன்கிழமை

அன்பு மகன் எலியாஸுக்கு,

அப்பா உர்ஹோ எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மா மரியட்டும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். பின்லாந்தில் நீயும் அவ்வாறே இருக்க வேண்டும் என்று எழுதுவது முறை என்பதால் எழுதிவிட்டேன். முறை முடிந்தது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

செப்டம்பரில் ஹாக்கி டீம் முதலாளிகள் எல்லாரும் ஒன்று சேர்ந்து அரங்குகளைப் பூட்டி, தாங்கள் நீட்டும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்வரை எந்த ஆட்டக்காரனும் ஐஸில் கால் வைக்கக் கூடாது என்று உங்களை வெளியே தள்ளியபோது நான் உள்ளூர சந்தோஷப்பட்டேன், தப்பாக நினைக்காதே. முப்பத்தொரு வருஷம் நிக்கல் சுரங்கத்தில் இறங்கி ஏறியவன் நான். என் மகனும் ஒரு தொழிலாளிதான் என்று முதலாளிகளே ஊரறியச் சொன்னது மாதிரி இருந்தது. உடனே பழைய மறியல் தட்டியை எடுத்துத் தூசி தட்டி, எண்ணெய் டிரம்மையும் விறகையும் பக்கத்து வீட்டு ரெமியின் வண்டியில் ஏற்றி, நான்கு மணி நேரம் தெற்கே ஓட்டிப் போய், உங்கள் அரங்கின் வாசலில் தீ மூட்டி நாங்கள் இரண்டு பேரும் மூன்று நாள் நின்றோம். உங்கள் சங்கத்திலிருந்து ஒரு ஈ, காக்கைகூட வரவில்லை. கடைசியில் வந்தவன் அரங்கின் காவல்காரன்தான்.

"பெரியவரே, யாரைத் தேடுறீங்க?"

"இவன் மகன் இங்க ஆடுறவன். மறியலுக்கு வந்திருக்கோம்" என்றான் ரெமி.

"ஆட்டக்காரங்க மறியலெல்லாம் பண்றதில்லையே. அவங்க வக்கீலுங்க எங்கியோ ஓட்டல்ல உக்காந்து பேசிட்டிருக்காங்க."

ஆட்டம் இல்லாததால் வெள்ளிக்கிழமையோடு அவனுக்கும் வேலை இல்லையாம். போகச் சொல்ல வந்தவன் எங்கள் தீயில் குளிர் காய்ந்துகொண்டு சாயங்காலம் வரை நின்றான். அன்றைக்குத்தான் நீ போன் பண்ணினாய். "அப்பா, தயவுசெஞ்சு வீட்டுக்குப் போங்க, டிவியில காட்டுறாங்க" என்றாய். போய்விட்டேன்.

மூன்று வாரம் கழித்து பின்லாந்திலிருந்து என் ஒன்றுவிட்ட அக்கா ஹெல்மி எழுதுகிறாள்: உங்க பையன் எங்க ஊர் டீமுக்கு வந்துட்டான், பிரமாதமா ஆடுறான். அதற்குக் கீழேயே இன்னொரு செய்தி. உனக்கு இடம் வேண்டும் என்பதற்காக யூசோ என்ற இருபத்தாறு வயது உள்ளூர்க்காரனை டீமிலிருந்து எடுத்துவிட்டார்களாம். டிசம்பரில் கல்யாணம் வைத்திருந்தவன் தள்ளிப்போட்டுவிட்டானாம். நான் போனில் கேட்டதற்கு நீ சொன்ன பதிலை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன், நீயே படித்துப் பார்.

"அப்பா, இங்க ஸ்டிரைக்கே இல்ல. நான் எந்த மறியலையும் தாண்டல."

"இன்னொருத்தன் இடத்துல நிக்கிறியா இல்லியா?"

"கோச்சுதான் அவனை எடுத்தாரு. எடுக்கச் சொல்லி நான் கேக்கல."

எலியாஸ், கேட்டு வாங்கினேன் என்று சொன்ன கருங்காலியை நான் இதுவரை பார்த்ததில்லை.

இந்தக் குடும்பத்தில் கருங்காலிக்கு என்ன கிடைக்கும் என்பது உனக்குத் தெரியும். இரண்டு வீடு தள்ளி உன் சித்தப்பா ஆர்வோ இருக்கிறான். எழுபத்தெட்டு ஸ்டிரைக்கில் மறியலைத் தாண்டி நாலு நாள் உள்ளே வேலைக்குப் போனான். அன்றிலிருந்து முப்பத்து நாலு வருஷமாக அவனோடு எனக்குப் பேச்சில்லை. எங்கள் அம்மாவின் சவப்பெட்டியை நான் முன்னால் பிடித்தேன், அவன் பின்னால் பிடித்தான், கல்லறை வரை ஒரு வார்த்தை இல்லை. ஏன் போனான் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. கேட்டால் ஏதாவது நியாயம் இருந்து தொலைக்குமோ என்ற பயம். அதனால் சொல்கிறேன், கிறிஸ்துமஸுக்கு இந்தப் பக்கம் வராதே. வந்தால் கதவு திறக்காது.

நேற்று உன் அம்மா எதிரே நின்றுகொண்டு, "தம்பியத் தொலைச்சாச்சு, இப்ப புள்ளையையும் தொலைக்கணுமாங்க?" என்றாள். கொள்கைன்னு ஒண்ணு இருக்கு மரியட் என்றேன். "அந்தக் கொள்கையே உங்களுக்கு ராத்திரிக்குப் பட்டாணி சூப்பு வைக்கட்டும்" என்று போய்விட்டாள். ராத்திரி ரொட்டிதான் சாப்பிட்டேன்.

ஆனால் நீ செய்த பாவத்தைக் கழுவ நான் சும்மா இருக்கவில்லை. அந்த யூசோவுக்குக் கடிதம் போட்டு இங்கே வரவழைத்துவிட்டேன். திங்கட்கிழமை வந்தான். தங்கமான பிள்ளை, உன் அறையில் உன் கட்டிலில்தான் தூங்குகிறான். நம்ம ஊர் டீமில் சம்பளம் கிடையாது, ஆனாலும் இடம் இடம்தானே. கோச் ஷில்பேரைப் பிடித்து, "அநியாயமா இடம் போனவன்டா, ஒண்ணு பாத்துக் குடு" என்றேன். "உனக்கு இல்லாததா உர்ஹோ?" என்று மறுநாளே இடது பக்கத்தில் ஆட இடம் கொடுத்துவிட்டான். எப்படி அவ்வளவு சீக்கிரம் இடம் காலியானது என்று நான் விசாரிக்கவில்லை. நல்ல காரியத்தில் அதெல்லாம் கேட்கக் கூடாது.

ஆண்டவன் உன் முழங்காலையும் மிச்சமிருக்கும் பற்களையும் காப்பாற்றட்டும். மனசாட்சியை நீயே பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன்னை மகன் என்று எழுதலாமா என்று இன்னும் முடிவு செய்யாத,
உர்ஹோ

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடப் போனேன். தபால்பெட்டி வரை போன பிறகுதான் ஸ்டாம்ப் ஒட்டவில்லை என்பது தெரிந்து திரும்பினேன். அதற்குள் நம் வீட்டு வாசலில் ரெமி நிற்கிறான், டிரம்மில் தீ எரிகிறது, கையில் தட்டி: 'இந்த வீட்டில் கருங்காலிக்குச் சோறு போடுகிறார்கள்.' யூசோவுக்கு இடம் வேண்டும் என்று ஷில்பேர் டீமிலிருந்து எடுத்தது ரெமியின் மகன் லூக்கையாம். பதினோரு வருஷமாக இடது பக்கம் ஆடுகிறவன்.

"ஷில்பேர்தான் அவனை எடுத்தான், ரெமி. எடுக்கச் சொல்லி நான் கேக்கல" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் இது யாருடைய வசனம் என்பது உறைத்தது.

"மறியல் நடக்குது உர்ஹோ. தாண்டிப் போறதுன்னா தாராளமாப் போ" என்றான் ரெமி.

பிறந்ததிலிருந்து நான் ஒரு மறியலையும் தாண்டியதில்லை. என் வீடு, என் வாசல், உள்ளே போக முடியவில்லை. உன் அம்மா ஜன்னலிலிருந்து "பைத்தியம் புடிச்சிருக்கா, உள்ள வாங்க!" என்று கத்துகிறாள். கையுறைகூட இல்லாமல் பனியில் முக்கால் மணி நேரம் நின்றேன். அப்போது ஆர்வோ அவன் வீட்டுக் கதவைத் திறந்து, "காப்பி போட்டிருக்கேன்" என்றான். முப்பத்து நாலு வருஷத்தில் அவன் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

அவன் சமையலறை மேஜையில்தான் இதை எழுதுகிறேன். அன்றைக்கு ஏன்டா உள்ளே போனாய் என்று கேட்டுவிட்டேன். பம்பு நின்று சுரங்கத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்ததாம். நாலு நாள் பம்பு ஓட்டத்தான் போனானாம். போகாமல் இருந்திருந்தால் அடி மட்டம் முழுகியிருக்கும். ஸ்டிரைக் முடிந்து அந்த அடி மட்டத்தில்தான் நான் பத்தொன்பது வருஷம் வேலை செய்தேன், எலியாஸ். அந்தச் சம்பளத்தில்தான் உனக்கு முதல் ஸ்கேட்ஸ் வாங்கினேன்.

"ஏன்டா சொல்லல?"

"நீ எங்க கேட்ட?"

மேலே எழுதியதெல்லாம் உன் அப்பா வீட்டுக்குள் இருந்தபோது எழுதியது. ஸ்டாம்ப் ஆர்வோ கொடுத்தான். கிறிஸ்துமஸுக்குக் கட்டாயம் வா. வந்ததும் நேரே சித்தப்பா வீட்டுக்கு வா, நான் அங்கேதான் இருப்பேன்.