ஒரே ஒரு சின்னத் திருத்தம்

வாசகரே, மனித குலத்தில் திருத்தக்காரர் என்று ஒரு பிறவி உண்டு. அடுத்தவர் எழுதியதில் ஒரு சொல்லையாவது மாற்றாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. கல்யாணப் பத்திரிகை, ஹோட்டல் பலகை, கல்லறை வாசகம் எதுவும் அவர் கையிலிருந்து தப்பாது. கெட்டவரா என்றால் சேச்சே, கெட்டவராக இருந்தால் துரத்திவிட்டு நிம்மதியாக இருக்கலாமே!

எங்கள் லைல் ஹோலன்பெக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கலிபோர்னியாவின் வடகோடியில், மனிதர்களைவிட மாடுகள் அதிகமுள்ள எங்கள் மலைப்பக்கத்தில் வசிப்பவர். இன்சூரன்ஸ் கம்பெனியில் ஆயுள் முழுக்க வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரே ஒரு சொல் இடம் மாறியதால் ஒரு குடும்பம் எரிந்த வீட்டுக்கு நஷ்டஈடு கிடைக்காமல் நடுத்தெருவில் நின்றதைக் கண்ணால் கண்டவர். அன்று பிடித்த பயம் அவரை இன்றுவரை விடவில்லை.

போன வசந்த காலத்தில் ரோண்டா யோக்கம் ஓர் இயக்கம் தொடங்கினாள். பள்ளத்தாக்கின் கடைசியில் தனியாக மாடு வளர்ப்பவள். மலைச்சிங்கம் வந்தாலும் சரி, முன்பின் தெரியாதவன் கேட்டை ஆட்டினாலும் சரி, ஷெரீஃபின் போலீஸ் வண்டி வந்துசேர ஒரு மணி நேரமாகும்.

"அந்த ஒரு மணி நேரம் எனக்கு யாரு துணை? என் துப்பாக்கிதான். கடற்கரைப் பக்கத்துப் பெருநகர மகராசங்க ஒரு சட்டத்தைப் போட்டு அதையும் புடுங்கிட்டாங்கன்னா?" என்றாள்.

அதற்கு வழி, மாநில அரசியலமைப்பிலேயே ஒரு வரி சேர்ப்பது. போதுமான கையெழுத்து திரட்டினால் விஷயம் மக்கள் வாக்கெடுப்புக்குப் போகும். காபிக் கடையில் கை துடைக்கும் தாளில் அவளே எழுதினாள்: 'மக்கள் ஆயுதம் வைத்திருக்கும் உரிமை பறிக்கப்படாது.' குழுவினர் கைதட்டினார்கள். லைல் தொண்டையைச் செருமினார்.

"பிரமாதம் ரோண்டா. ஒரே ஒரு சின்னத் திருத்தம். ஆயுதம்னா எது? உண்டிவில்லும் ஆயுதந்தானே?"

"சரி, துப்பாக்கின்னு போட்டுக்க."

"தோட்டா?"

"அதையும் போடு."

"ரிப்பேருக்குக் குடுத்தா? மச்சானுக்கு இரவல் குடுத்தா?"

"உன் மச்சான் கையில துப்பாக்கியா? அதுக்கு நானே தடைச்சட்டம் கொண்டு வருவேன்!"

வரி பத்தியாயிற்று. பத்தி பக்கமாயிற்று. கோடை வருவதற்குள் பக்கம் பக்கங்களாயிற்று. கையெழுத்துத் தாள் ஒவ்வொன்றிலும் முழு வாசகமும் அச்சாக வேண்டும் என்பது விதி. மிஞ்சிய இடத்தில் எறும்புதான் கையெழுத்துப் போட முடியும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த ரோண்டா, "இனிமே திருத்தமே கிடையாது" என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தாள். லைல் கையைத் தூக்கினார்.

"இந்தத் தீர்மானத்துக்கு ஒரு சின்ன..."

"கையை இறக்குய்யா!" என்று காபிக் கடைக்காரரே அடுப்படியிலிருந்து கத்தினார். தீர்மானம் நிறைவேறியது. ரோண்டாவின் பழைய ஒற்றை வரியே அரசிடம் பதிவாகி அச்சேறியது.

ரோடியோ என்னும் மாட்டுக்காரர் திருவிழா நாள் வந்தது. திடல் வாசலில் மேசை, மேசையில் தாள்கள், எதிரே நீண்ட வரிசை. மதியம் ரோண்டா சாப்பிடப் போனபோது மேசையில் யாரை உட்கார வைத்தாள் என்கிறீர்கள்? ஊரில் வேறு ஆளே இல்லையா? இருந்தார்கள், எல்லோரும் காளைச் சவாரி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

லைல் அந்த வரியைப் பார்த்தார். வேறு பக்கம் பார்த்தார். மறுபடி பார்த்தார். 'பறிக்கப்படாது' என்பது அவர் கண்ணுக்குத் தாழ்ப்பாள் இல்லாத கதவாகத் தெரிந்தது. ரோண்டா திரும்பி வந்தபோது, கையெழுத்துகள் நிரம்பிய எல்லாத் தாள்களிலும் அந்தச் சொல்லுக்கு முன்னால் 'எக்காரணம் கொண்டும்' என்று முத்து முத்தாக ஏறியிருந்தது.

"படிச்சுப் பாரு ரோண்டா. இப்பதான் பலமா இருக்கு."

"பலமா இருக்கு. செல்லாது! வாசகத்துல கை வச்சா மொத்தத் தாளும் குப்பைய்யா."

அவள் அதற்குமேல் கத்தவில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டு வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்தாள். "போன வாரம் ஒருத்தன் என் கேட்டைப் புடிச்சு ஆட்டிக்கிட்டே நின்னான், லைல். நான் இதை விளையாட்டுக்குச் செய்யல."

லைலின் முகம் செத்துப்போயிற்று.

மறுநாளிலிருந்து அவர் தன் பழைய பிக்கப் வண்டியில் கையெழுத்துப் போட்டவர்களின் வீடு வீடாக ஏறினார். நாய்கள் துரத்தின. சிலர் கதவைச் சாத்தினார்கள். பலர் திட்டிக்கொண்டே மறுபடி போட்டார்கள். ஒரு வீட்டில் கணவர் கையெழுத்திட்டார். பள்ளி ஆசிரியையான அவர் மனைவி மேவிஸ் தாளை வாங்கிப் படித்தாள்.

"நான் போட மாட்டேன். எவனாவது துப்பாக்கியோட பள்ளிக்கூடத்துல நுழைஞ்சா என்ன பண்றதுன்னு, என் வகுப்புப் புள்ளைங்க மேசைக்கடியில ஒளிய ஒத்திகை பாக்குதுங்க. அதுசரி, இதுல மக்கள்னா யாரு? ஏழு வயசுப் புள்ளையும் மக்கள்தானே?"

லைலுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை மாதத்தில் அவரைப் போலவே படித்த ஒரே ஜீவன், எதிர்க்கட்சியில்! கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. பேனாவைத் தொட்டது. அங்கேயே நின்றது.

"நல்ல கேள்வி, அம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, அவள் கொடுத்த எலுமிச்சைச் சாற்றைக் குடித்தார். இருவரும் பொழுது சாயும்வரை அந்த ஒரு வரியைப் பற்றி வாதாடினார்கள். அவள் கையெழுத்துப் போடவில்லை. அவர் எழுத்தைத் தொடவில்லை.

கடைசியில் கையெழுத்து போதவில்லை. லைல் பாழாக்கியதால் அல்ல, அவற்றைத்தான் ஏறக்குறைய எல்லாம் மீட்டுவிட்டாரே. பெருநகரங்களில் தாளை யாரும் சீண்டவில்லை. "அடுத்த வருஷம் மறுபடி இறங்குவோம்" என்றாள் ரோண்டா. "மேசைக்கு நீதான்யா, லைல். பேனா மட்டும் என்கிட்ட இருக்கும்."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் மேலே எங்கேயோ ஒரு சொல் உங்களை உறுத்தியது, இதைவிட நல்ல சொல் ஒன்று மனதுக்குள் வந்தது, ஓரத்தில் குறித்து வைக்கலாமே என்று விரல் துறுதுறுத்தது. இல்லை என்று சொல்லுங்கள் பார்ப்போம்! தாராளமாக எழுதுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒன்று மட்டும்: உங்கள் கையில் இருப்பது நூலகப் புத்தகம்.