கராமாவில் ஓடிய ஃப்ரேசர் நதி

ஒரு நதியைக் கண்ணால் பார்க்காமலே அதன் தலை முதல் வால் வரை பிசகாமல் சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் ஒருவர்தான். அந்த மகான் வாழ்ந்ததோ துபாயில். கராமாவில், எங்கள் பேச்சிலர் ரூமில், சரியாக என் தலைக்கு மேல் கட்டிலில். என் கிரகம்!

ஃப்ரேசர் அண்ணன் என்று கூப்பிடுவோம். பெற்றவர்கள் வைத்த பெயர் பாஸ்போர்ட்டில் இருந்திருக்கும். ஒரு கட்டுமானக் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன். வாங்கிய சம்பளத்துக்கு ஃபேமிலி விசா கிடையாது. மனைவியும் மகளும் திருவாரூரில். வருடத்துக்கு ஒரு மாத லீவில் மட்டும் அவர் அப்பா. கனடா போனால் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருக்கலாம் என்று விண்ணப்பித்திருந்தார்.

இண்டர்வியூவுக்குக் கடிதம் வந்த அன்று நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? "எந்த ஊருக்குப் போறீங்களோ, அந்த ஊர் ஆத்தைப் பத்தித்தான் குடைஞ்சு குடைஞ்சு கேப்பாங்களாம்ணே" என்று ஒரு புளுகை எடுத்துவிட்டேன். அவர் வான்கூவர் என்று எழுதியிருந்தார். அங்கே ஓடுவது ஃப்ரேசர் நதி. போச்சு!

பத்தாம் வகுப்புப் பரீட்சைபோல மனப்பாடம் தொடங்கியது. காலையில் பாத்ரூமுக்குள்ளிருந்து, "ராக்கி மலையில் உற்பத்தி... நீளம் ஆயிரத்து முந்நூத்தி எழுபத்தஞ்சு கிலோமீட்டர்..." என்று குரல் வரும். வெளியே ஐந்து பேர் துண்டோடு நிற்போம். "அண்ணே, சீக்கிரம் கடல்ல கலந்துட்டு வாங்க, டூட்டிக்கு நேரமாச்சு!" என்று ரூம்மேட் பாண்டி கத்துவான்.

சாப்பாட்டையும் விடவில்லை. சோற்றை மலையாகக் குவித்துச் சாம்பாரை ஓடவிடுவார். "பாரு, முதல்ல வடக்கே போகுதா? இப்ப ஒரு யு டர்ன், நேரா தெற்கே." இரண்டு உருளைக்கிழங்கை நெருக்கி வைப்பார். "இது ஹெல்ஸ் கேட், ஆறு இடுங்கிப் போற இடம். ரயில் பாதை போடறேன்னு மலைக்கு வெடி வச்சானுங்க. கல்லெல்லாம் ஆத்துல சரிஞ்சு, முட்டையிட மேல போக வழியில்லாம சால்மன் மீனெல்லாம் முட்டி முட்டிச் செத்துச்சுடா." கண் கலங்கிவிடும். தொண்ணூறு வருடத்துக்கு முன்னால் செத்த மீனுக்கு!

"ஆத்து மணல்ல தங்கம்னு கேள்விப்பட்டதும், பெண்டாட்டி பிள்ளையை விட்டுட்டு எங்கெங்கேயிருந்தோ வந்து குவிஞ்சானுங்க, பைத்தியக்காரனுங்க" என்றும் சொல்வார். துபாயில் உட்கார்ந்து இதைக் கேட்ட நாங்கள் குனிந்து சாப்பிட்டோம்.

இண்டர்வியூ முடிந்து சாயங்காலம் வந்தார். "வேலையைப் பத்திக் கேட்டாங்க, சொன்னேன். அவ்வளவுதான், கிளம்பலாம்னுட்டாங்க. ஆத்தைப் பத்திக் கேக்கவே இல்லடா!"

எனக்கு உயிர் வந்தது.

"விடுவேனா? 'மேடம், ரிவர் கொஸ்டின்?'னு நானே கேட்டுட்டேன்."

வந்த உயிர் போனது.

"ராக்கியில ஆரம்பிச்சு கடல் வரைக்கும் ஒப்பிச்சேன். அந்தம்மா பேனாவை மூடி வச்சிட்டாங்க."

பேனாவை மூடினால் என்ன அர்த்தம்? நாலு மாதம் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு குடும்பம் சேர்வதைக் கெடுத்த பாவி நான் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. அப்புறம் விசா வந்தது. "நீ மட்டும் சொல்லலேன்னா இது எனக்கு ஏதுடா?" என்று என்னைக் கட்டிக்கொண்டார். உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்த வருடம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் போன் வந்தது. "ஆத்தங்கரையில நிக்கிறேன்டா. சத்தம் கேளு" என்று போனை நதிப்பக்கம் நீட்டினார். ஆறு கேட்கவில்லை. "அப்பா, குளுருதுப்பா, வாங்கப்பா" என்று ஒரு பெண்குழந்தை கூப்பிடுவதுதான் கேட்டது. ஐந்து பேரும் போனை வாங்கி வாங்கிக் கேட்டோம். கடைசியில் போன் என் கைக்கே திரும்பி வந்தது.

"வைக்கிறேண்ணே, டூட்டிக்கு நேரமாச்சு" என்றேன்.

வெள்ளிக்கிழமை எங்களுக்கு லீவு என்பது அவருக்குத் தெரியாதா என்ன? "சரிடா, பாத்துப் போயிட்டு வா" என்றார்.