இடது முழங்கால், வலது இடுப்பு

“முழங்கால் இடது. இடுப்பு வலதுங்கிறீங்க. ரெண்டுக்கும் என்னண்ணே சம்பந்தம்?” திண்டுக்கல் முன்னாள் படைவீரர் அலுவலக எழுத்தர் பழனிக்குமார் விண்ணப்பத்தைத் திருப்பித் தள்ளினார்.

ஜெரோமுக்கும் அதுதான் தெரியவேண்டியிருந்தது. எல்லையில் பதுங்குகுழிக்குள் விழுந்து முழங்கால் நொறுங்கி இருபது வருடம். அதற்கு ராணுவம் ஊன ஓய்வூதியம் தருகிறது. இப்போது இடுப்பும் போய்விட்டது. நொண்டி நடந்துதான் போனது என்று நிரூபித்தால், அதையும் பணியில் பட்ட காயத்தோடு சேர்ப்பார்கள்.

கொடைரோடு வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியபோது ஒன்று கண்ணில் பட்டது. வலது செருப்பு மட்டும் தேய்ந்து ஓட்டை. பரணிலிருந்த பழைய செருப்புகளை இறக்கிப் பார்த்தார். எல்லாமே அப்படித்தான்! மறுநாள் செருப்பு மூட்டையோடு திண்டுக்கல் போய், எழுத்தரின் மேசைமேல் கொட்டினார்.

“அண்ணே, சாப்பிடுற மேசைண்ணே இது!” மூக்கைப் பொத்தினார் பழனிக்குமார். “நடக்குறத வீடியோ எடுத்துட்டு வாங்க.”

மகள் ஏஞ்சலின் செல்போனைத் தூக்கியதும் ஜெரோமின் நெஞ்சு தானாக நிமிர்ந்தது. வலியைப் பல்லால் கடித்துக்கொண்டு, கைவீசி நடந்தார்.

“அப்பா, செத்த நேரம் நொண்டுங்கப்பா!”

“நாலு பேரு பாக்கப்போறாகன்னா எப்படித்தா நொண்டுறது?”

வீடியோவைப் பார்த்த பழனிக்குமார், “குடியரசு தினத்துக்கு எடுத்ததா?” என்றார். மருத்துவக் குழுவே நேரில் பார்க்கட்டும் என்று தேதி வாங்கிக் கொடுத்தார்.

அங்கே டாக்டர், “நடங்க” என்றார். ஜெரோமின் காதில் அது உத்தரவாக விழுந்தது. விறைப்பாக நடந்தார்.

“நல்லாத்தானே நடக்குறீங்க?” டாக்டர் பேனாவை மூடினார்.

மனைவி அல்போன்சாவுக்குப் பொறுக்கவில்லை. “வீட்ல இப்படி நடக்கமாட்டாரு டாக்டர்!”

“அப்ப வீட்ல நடக்குற மாதிரியே நடங்க.”

ஜெரோம் இருபது வருடப் பழக்கப்படி வலது கையை அவள் தோளில் ஊன்றினார். இருவரும் கதவுவரை போய்த் திரும்பினார்கள். டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக் குனிந்து பார்த்தார்.

“இன்னொரு தடவை... ஆங், இப்பத் தெரியுது! முழங்காலுக்குப் பயந்து மொத்த பாரத்தையும் வலப்பக்கம் சாய்க்கிறீங்க. இருபது வருசம் தாங்கித்தான் இடுப்பு போயிருக்கு.”

எழுதிக் கையெழுத்தும் போட்டார். ஜெரோம் முகமெல்லாம் சிரிப்பாக மனைவியைப் பார்த்தார்.

கதவருகே நின்ற உதவியாளர் பொன்னழகு தலையைச் சொறிந்தார்.

“டாக்டர், அந்தம்மாவும் அதே மாதிரிதான் சாஞ்சு நொண்டுறாக. அவுகளுக்கு எந்த ஃபாரம் குடுக்கணும்?”