தனபால் மாஸ்டரின் மூன்று செட்டு

தனபால் என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது, என் நாத்தனாரின் சம்பந்தி வீட்டுக் காதுகுத்துப் பந்தியில். இரண்டாவது ஜிலேபிக்கு நான் தலையாட்டும் முன்பே, பக்கத்து இலைக்காரி பாவாயி, "அவிங்களுக்கு வேண்டாம். இனிப்புத் தின்னா முட்டி தேயுமின்னு தனபாலு சொல்லியிருக்குது" என்று பரிமாறுகிறவனைத் திருப்பி அனுப்பிவிட்டாள். யார் அந்தத் தனபால், டாக்டரா? இல்லை. நாத்தனாரின் ஓரகத்திக்கு இரண்டாவது மகன். பரமத்தி வேலூர்ப் பக்கம் ஒரு கோழிப்பண்ணைக்கு மேனேஜர்.

உங்கள் ஊரிலும் இந்த இனம் உண்டு. கேட்காமலே உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்கும் இனம். மாஸ்டர் என்றுதான் அவர்களைக் கூப்பிடவேண்டும். அவர்கள் ஓடி நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். ஒரு கையில் போண்டாவும் மறு கையில் செல்போனுமாகப் பேக்கரி வாசலில் நின்றுகொண்டு, சும்மா நடப்பவரைக் கை வீசச் சொல்லி, கை வீசுபவரை மூச்சை அடக்கச் சொல்லி, இளைத்தவளுக்குப் பச்சை முட்டையும் பருத்தவளுக்கு வெந்நீரும் விதித்து, போன வாரம் சொன்னதை இந்த வாரம் மாற்றி, மாற்றியதையும் 'நான் அப்பவே சொன்னேன்' என்று முடிப்பார்கள். எங்கே வலிக்கிறது என்று கேட்பார்களா? கேட்டால் யோசனை மாறிப்போகுமே.

மதுமதி என் தம்பியின் பேத்தி. போலீஸ் வேலைக்கு எழுத்துப் பரீட்சையில் தேறிவிட்டாள், ஓட்டம்தான் பாக்கி. வயசு வரம்பு முடிகிறது, இதை விட்டால் வேறு வாய்ப்பில்லை. யாரிடம் ஓடப் பழகுவது என்று அவள் தேடிக்கொண்டிருக்கும்போதே தனபால் வந்து நின்றான். செல்போனில் எவனோ இங்கிலீஷில் பேசியதைப் பாதி கேட்டுக்கொண்டு, காலையில் மூன்று செட்டு, மாலையில் மூன்று செட்டு என்று விதித்தான். எங்கள் பக்கம் செட்டு என்றால் கோழிக்கொட்டகை. அவனும் அப்படித்தான் நினைத்திருந்தான். தன் பண்ணையிலேயே மூன்று கொட்டகைகளைக் காட்டிக்கொடுத்தான். அவளும் அவற்றைச் சுற்றிச் சுற்றி ஓடினாள். கோழிகள் மிரண்டதில் முட்டை குறைந்தது. அவளுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு விண்விண் என்று தெறித்தது.

"வலிச்சாத்தான் சாமி, சத்து எறங்குதுன்னு அர்த்தம். இன்னொரு செட்டு சேத்திக்க" என்றான் தனபால்.

படி இறங்க முடியாமல் போனபிறகுதான், நாமக்கல்லில் ஓட்டம் பழக்கும் அறிவுச்செல்வி என்ற கோச்சிடம் போனோம். நானும் கூடப் போனேன். அந்தம்மா எடுத்த எடுப்பில் எதுவும் சொல்லவில்லை. ஷூவின் அடியைத் திருப்பிப் பார்த்தாள், காலை அழுத்திப் பார்த்தாள், கேள்வியாகக் கேட்டாள்.

"இதுவரைக்கும் என்ன பண்ணிட்டிருந்தே?"

"காலையில மூணு செட்டு, சாயங்காலம் மூணு செட்டுங்க மேடம்."

"ஒரு செட்டுக்கு எத்தனை?"

"அஞ்சாயிரம் கோழிங்க."

கோச் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். தோள் மட்டும் குலுங்கியது. பிறகு, ஒரு பயிற்சியை இத்தனை தடவை செய்து இளைப்பாறினால் அதுதான் ஒரு செட்டு என்று விளக்கிவிட்டு, "ஓட்டத்த நிறுத்து. மொதல்ல கால் ஆறட்டும்" என்றாள்.

தேர்வு கிட்டத்தில் வந்துவிட்டது, நிறுத்தச் சொல்கிறார்களே என்று மதுமதிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் நிறுத்தினாள். வலி அடங்கியபின் அந்தம்மா சொன்ன அளவுக்கு மட்டும் ஓடினாள். தேர்வு நாளில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடி, தேறியும்விட்டாள்.

தனபால் வெட்கப்பட்டான் என்றா நினைக்கிறீர்கள்? "எம்பட பண்ணையில ஓடுன புள்ளைங்க அது" என்று பேக்கரியில் எல்லோரிடமும் சொன்னான். செட்டுக்குச் சரியான அர்த்தம் காதில் விழுந்ததும், அதையும் தானே கண்டுபிடித்தவன்போல் கற்பிக்க ஆரம்பித்தான். போன மாதம், தீவன மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்து காட்டினான். உட்கார்ந்தான். அவ்வளவுதான்.

இடுப்புப் பிடிப்பு. பார்க்கப் போகிறவர்கள் ஆளுக்கொன்று சொல்லிவிட்டு வருகிறார்கள். ஒருவர் குப்புறப் படு என்கிறார், ஒருவர் படுக்கவே படுக்காதே என்கிறார். உங்களுக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் இடுப்புப் பிடிப்பு என்று படித்த உடனே உங்கள் நாக்கு நுனிக்கும் ஒரு யோசனை வந்ததே, அது என்ன? விளக்கெண்ணெயா, ஒத்தடமா? எதுவானாலும் விழுங்கிவிடுங்கள்.

மதுமதி போலீஸ் பயிற்சியில் இருக்கிறாள். தனபால் கட்டிலில் இருக்கிறான்.