பக்கவாத்தியத்துக்கு ஒத்திகை எதற்கு?

ஒரு வேலையைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர்களால் பெரிய ஆபத்து இல்லை. ஓரமாக நின்றுவிடுவார்கள். அதற்குப் பக்கத்து வேலை கொஞ்சம் தெரிந்தவர்கள் இருக்கிறார்களே, அவர்களைத்தான் கிட்டே சேர்க்கக் கூடாது. இதை அனுபவத்தில் சொல்கிறேன். (அனுபவித்தது மற்றவர்கள். பக்கத்து வேலை கொஞ்சம் தெரிந்தவள் நான்.)

ஐம்பதுகளின் நடுவில் நான் செங்கல்பட்டில் அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு ஆரம்பப் பள்ளியில் டீச்சராக வேலை பார்த்தேன். அண்ணனுக்கு ரயில்வே கூட்ஸ் ஆபீசில் குமாஸ்தா வேலை. அடிக்கடி ரயிலேறிப் பட்டணம் போய்க் கச்சேரி கேட்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. துணைக்கு நானும் போவேன். அதனால் சங்கீதத்தில் எங்களுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று இரண்டு பேருமே நினைத்துக்கொண்டிருந்தோம். (பாடச் சொன்னால் மட்டும் இருவருக்கும் தொண்டை கட்டிக்கொள்ளும்.)

அண்ணன் மகள் வசந்தி கான்வென்ட்டில் படித்தாள். அங்கே ஒரு சிஸ்டர் அவளுக்கு வெள்ளைக்கார முறையில் வயலின் சொல்லிக்கொடுத்தார். அதை நின்றுகொண்டு வாசிக்க வேண்டும். அண்ணனுக்கு அதுவே ஒப்பவில்லை. "கால் வலிக்கலையா பாப்பா? சம்மணம் போட்டு உக்காந்தா இன்னா?" என்று தினமும் கேட்பார். வசந்தி பதில் சொல்ல மாட்டாள். அவள் எதற்குமே பதில் சொல்லாத பிள்ளை. பள்ளிக்கூடத்தில் பேர் கேட்டால்கூடத் தரையைப் பார்க்கும். வயலினைத் தோளில் வைத்தால் மட்டும் நிமிர்ந்து நிற்கும். ராத்திரி பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்கும்.

ஆனால் அந்த வயலின் அவளுடையது இல்லை. பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கான வயலின் அது ஒன்றுதான். லண்டனிலிருந்து துரை வந்து பரீட்சை வைப்பார். தேறினால் வயலின் மறு வருஷமும் வசந்தியிடம் இருக்கும். இல்லாவிட்டால் அடுத்துக் காத்திருக்கும் பெண்ணுக்குப் போய்விடும். இதுதான் ஏற்பாடு.

பரீட்சையில் வசந்தி வாசிக்கும்போது கூடவே பியானோ வாசிக்க ஒருவர் வேண்டும். சிஸ்டர்தான் வாசிப்பதாக இருந்தது. பாவம், கிணற்றடியில் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டார். பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டு ஒரு பாட்டுப் புத்தகத்தைக் கொடுத்தார்.

"நல்லா பியானோ வாசிக்கிற ஆளா பாருங்க. அவங்க வாசிக்க வேண்டியது இந்தப் புத்தகத்துல இருக்கு. ரெண்டு பேரும் பல தடவை சேர்ந்து வாசிச்சுப் பழகணும். மறந்துடாதீங்க."

"அதுக்கு நானாச்சு சிஸ்டர், கவலையை விடுங்க" என்றேன்.

நான் மறக்கவில்லை. மறந்திருந்தால்கூடத் தேவலை. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

"பக்கவாத்தியத்துக்கு ஒத்திகையா? இன்னா பேச்சு இது. நம்ம வித்வான்லாம் மேடை ஏறின அப்புறம்தான் மிருதங்கக்காரர் மூஞ்சியையே பாக்கறாங்க."

"புஸ்தகம் வேற குடுக்கணுமாம் அண்ணே."

"குடுத்துடாதே. காகிதத்தைப் பாத்து வாசின்னு சொன்னா கோவிச்சுக்கினு போயிடப்போறாங்க."

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. புத்தகத்தைப் பட்டுப்புடவைக்கு நடுவில் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

ஆள்தான் கிடைக்கவில்லை. ஸ்டேஷன் பக்கம் ஒரு சட்டைக்கார அம்மாள், ஆங்கிலோ இந்தியர், வாசிப்பார். அவர் சீமைக்குப் போக மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். நாடகக் கம்பெனி ஹார்மோனியக்காரர் ஒருவரைப் பிடித்துக் கான்வென்ட் பியானோ முன்னால் உட்கார வைத்தேன். அவர் முன்னும் பின்னும் தடவிப் பார்த்துவிட்டு, "காத்து எங்க அடிக்கணும்?" என்று கேட்டார். வணக்கம் சொல்லி அனுப்பிவிட்டேன்.

கடைசியில் எங்கள் பள்ளி ஆயா சொன்னாள். "எங்க புதுப்பட்டினத்துல கடை பாய் வூட்ல ஒரு பியானா கீது டீச்சர். மருமவப் பொண்ணு பினாங்குலேர்ந்து வந்துது. அதுக்கு வாசிக்கத் தெரியுமாம்."

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துக் கடற்கரை மணலையெல்லாம் தலையில் வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். பியானோ கடைக்குப் பின்கட்டில் இருந்தது. மேலே வெங்காய மூட்டைகள். ஊரை விட்டுப் போன துரை ஒருவரின் பங்களா ஏலத்தில், மரம் நல்ல மரமாக இருக்கிறதே என்று பாய் எடுத்தாராம். மருமகள் நூருன்னிசா என்னைவிடச் சின்னவள். மூட்டைகளை நானும் அவளுமாக இறக்கினோம். உப்புக்காற்றில் பாதிக் கட்டைகள் ஊமையாகியிருந்தன. மீதியில் அவள் ஏதோ வாசித்தாள். நல்லா வாசிக்கிறாளா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்த மாதிரி தலையை ஆட்டினேன்.

"ஒண்ணு சொல்லிடறேம்மா. பெரிசா வாசிச்சுக் குழந்தையை அமுக்கிடக் கூடாது. அவ எங்க போறாளோ பின்னாடியே போகணும்" என்று வித்துவ கோஷ்டித் தலைவி மாதிரி நிபந்தனை போட்டேன்.

அவள் சிரித்தாள். "சத்தம் வராமத்தான் வாசிப்பேன். இங்க வந்ததுலேருந்து அதுதான் பழக்கம். நாம எப்ப சேர்ந்து வாசிச்சுப் பாக்குறது?"

"அதெல்லாம் வேணாம். உங்க திறமை மேல எனக்கு நம்பிக்கை இருக்கு."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நான் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டேன். கதவோரம் நின்ற மாமியார், "துரை முன்னாடி வாசிக்கணுமா? அப்ப நானும் கூட வருவேன்" என்றார். பேஷாக வாருங்கள் என்று சொல்லிவிட்டு, காரியத்தைக் கச்சிதமாக முடித்த திருப்தியில் திரும்பினேன்.

பரீட்சை நாளன்று எங்கள் வீடே கான்வென்ட்டுக்குப் புறப்பட்டது. அண்ணன் ஜரிகை அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டார். அண்ணி வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, தட்டில் பழம், வெற்றிலைபாக்கு, ரோஜாமாலை, ஒரு சால்வை எல்லாம் எடுத்துக்கொண்டார். வந்து வாசித்தவர்களுக்கு மரியாதை செய்ய வேண்டாமா? அக்கம்பக்கத்தில் வேறு சொல்லியிருந்தோம். ஒரு சின்னக் கல்யாணக் கூட்டம் சேர்ந்துவிட்டது. வசந்தி வயலின் பெட்டியைக் கட்டிக்கொண்டு பின்னால் நடந்தாள்.

நூருன்னிசாவும் வெள்ளைத் துப்பட்டி போர்த்திய மாமியாரும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். வசந்தியை உள்ளே கூப்பிடக் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

"புஸ்தகம் குடுங்கக்கா" என்றாள் நூருன்னிசா.

"எந்தப் புஸ்தகம்?"

"நான் வாசிக்க வேண்டியது. இங்க வந்ததும் குடுப்பீங்கன்னு நெனச்சேன்."

"அது வூட்ல பத்திரமா இருக்கு" என்றேன்.

நூருன்னிசாவின் முகம் வெளுத்துவிட்டது. எங்கள் சங்கீதம் வேறு, இவர்களுடைய சங்கீதம் வேறு என்பது அந்த நிமிஷம்தான் மண்டையில் ஏறியது. அண்ணியின் இடுப்பிலிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டு வாசல் வரை ஓடினேன். வீடு ஊரின் மறுகோடி. போய் வருவதற்குள் பரீட்சையே முடிந்துவிடும். திரும்பி வந்து மரத்தடியில் நின்று மேல்மூச்சு வாங்கினேன்.

வசந்தி என்னைப் பார்த்தாள். அழவில்லை. பெட்டியை மட்டும் இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

நூருன்னிசா அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "எனக்கு ஒரே ஒரு தடவை வாசிச்சுக் காட்டும்மா. மெதுவா."

வசந்தி மரத்தடியிலேயே வாசித்தாள். நூருன்னிசா கண்ணை மூடிக் கேட்டாள். முழங்காலில் விரல்கள் மட்டும் அசைந்தன. முடிந்ததும், "சரி, வா. நீ பாட்டுக்கு வாசி. நான் கூடவே வரேன்" என்று கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனாள். அங்கே வசந்தி பியானோவைக் கேட்டு வயலினுக்குச் சுருதி சேர்த்தாள். "முதல் வாத்தியத்துக்கு இல்ல அவங்க சேரணும்?" என்று ஜன்னலுக்கு வெளியே அண்ணன் முணுமுணுத்தார். அண்ணி அவரை ஒரு பார்வை பார்த்தார்.

உள்ளே வேறு யாரும் போகக் கூடாது. ஆகவே நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வசந்தி ஆரம்பித்தாள். பியானோ அவளுக்குப் பின்னாலேயே, அடக்கமாக, விட்டுப் பிரியாமல் போனது. குழந்தை தயங்கினால் அதுவும் தயங்கியது. பாட்டு நடுவில் மேலே ஏறி மெல்ல இறங்குகிற ஒரு இடம். அதை வசந்தி எவ்வளவு அழகாக வாசித்தாள் என்கிறீர்கள்! கச்சேரியில் என்ன செய்வேனோ அதைச் செய்துவிட்டேன்.

"பலே!" என்றேன். கூட்டத்தில் கடைசி வரிசையிலிருந்து மேடைக்குக் கேட்கிற மாதிரி.

துரை துள்ளி விழுந்தார். வசந்தி திரும்பினாள். வில் நின்றுவிட்டது.

வயலின் போச்சு, குழந்தையின் வயலினை நான் தின்றுவிட்டேன் என்று நினைத்தேன். ஆனால் பியானோ நிற்கவில்லை. நூருன்னிசா தலை நிமிரவும் இல்லை. வசந்தி விட்ட இடத்தில் இருந்த அந்தச் சின்னத் துண்டையே திரும்பத் திரும்ப வாசித்தாள். அவசரமில்லாமல், தொட்டிலாட்டுகிற மாதிரி. அது எழுதிய பாட்டிலேயே அப்படித்தான் இருக்கிறது என்று நினைக்கும்படி வாசித்தாள். நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். சுற்றிச் சுற்றி அந்தத் துண்டு வந்துகொண்டே இருந்தது. வசந்தி காது கொடுத்துக் கேட்டாள். மூச்சை இழுத்தாள். வில்லை வைத்தாள். சரியான இடத்தில் வந்து ஒட்டிக்கொண்டாள்.

இதோடு விட்டிருக்கலாம். கடைசிச் சுரம் அடங்குவதற்குள் அண்ணன் தட்டோடு உள்ளே நுழைந்துவிட்டார். நூருன்னிசா கையில் சால்வை. துரை கழுத்தில் ரோஜாமாலை. துரை எழுந்து நின்று எல்லாவற்றுக்கும் தேங்க்யூ சொன்னார். பின்னாலேயே ஓடிவந்த தலைமைச் சிஸ்டருக்கு முகம் சிவந்துவிட்டது. பரீட்சை வைப்பவருக்குப் பரிசு கொடுக்கலாமா, பரீட்சையே செல்லாமல் போனால் யார் பொறுப்பு என்று கேட்டார். அண்ணன் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

மரத்தடியில் மாமியார் எங்களுக்கெல்லாம் டப்பாவிலிருந்து வட்டலப்பம் என்கிற இனிப்பை எடுத்துக் கொடுத்தார். கண் கலங்கியிருந்தது. "இவ்ளோ நல்லா வாசிப்பியா நூரு? எங்கிட்ட சொல்லவே இல்லியே" என்றார் மருமகளிடம். அடுத்த முறை நான் போனபோது வெங்காய மூட்டைகள் வேறு அறைக்குப் போயிருந்தன.

"அவ திரும்பி வருவான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று பரீட்சை அன்றே மரத்தடியில் நூருன்னிசாவைக் கேட்டேன்.

"தெரியாதுக்கா. நான் நின்னுட்டா அவ எங்க வந்து சேருவா? அதான் அங்கயே சுத்திக்கினு இருந்தேன்."

முடிவு வர நாளாயிற்று. அதுவரை வசந்தி என்னோடு பேசவில்லை. (முன்பும் பேச மாட்டாள்தான். ஆனால் இது வேறு பேசாமை.) வயலினைத் துடைத்துப் பெட்டியில் வைத்து, பள்ளிக்கூடத்திலிருந்து யாராவது வந்து கேட்டால் கொடுத்துவிட வசதியாக வாசற்கதவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். தலைமாட்டில் வைத்துக்கொள்ளவில்லை. அந்தப் பெட்டியைத் தாண்டித்தான் நான் தினமும் வேலைக்குப் போக வேண்டும். இந்த நாட்டில் என்னைவிடப் பாவி கிடையாது என்று தோன்றும்.

ஒரு சாயங்காலம் சிஸ்டரே வீட்டுக்கு வந்தார், கட்டுப்போட்ட கையோடு. கதவோரம் இருந்த பெட்டியைப் பார்த்தார். "இதை ஏன் இங்க வெச்சிருக்கே? உள்ள எடுத்துட்டுப் போ. தேறிட்டே" என்றார்.

வசந்தி பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். "அத்தே, அடுத்த வருஷமும் அந்த அக்காவைக் கூட்டிக்கினு வா. நீ வராதே."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்குப் பரீட்சை, யாருக்கு இன்டர்வியூ என்றாலும் முடிந்த மறுநாள்தான் எனக்குத் தெரியும். பெண் பார்க்க வந்ததைக்கூட நிச்சயம் ஆன பிறகுதான் சொன்னார்கள். (பார்க்க வந்தது என்னையல்ல என்பதால் இது சாத்தியமாயிற்று.) அண்ணன் பேரன் ஸ்கூட்டர் லைசென்சுக்குப் போனதுகூட எனக்கு ரகசியம். நான் கோபித்துக்கொண்டால் எல்லோரும் சேர்ந்து "பலே" என்பார்கள்.

இப்போது எனக்கு வயதாகிவிட்டது. பேசிக்கொண்டே இருப்பேன், நடுவில் ஒரு வார்த்தை காணாமல் போய்விடும். பேர் வராது, ஊர் வராது, எதைச் சொல்ல வந்தேன் என்பதே வராது. யாராவது எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தால் வசந்தி விட மாட்டாள். "சும்மா இருங்க. அத்தை வருவாங்க" என்பாள். நான் கடைசியாகச் சொன்ன இரண்டு வார்த்தையையே மெதுவாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருப்பாள். பிள்ளைகளும் சிரித்துக்கொண்டே அவளோடு சேர்ந்து சொல்லும். எனக்கு வெட்கமாக இருக்கும், சிரிப்பும் வரும். அவர்கள் அவசரப்படாமல் சுற்றிக்கொண்டிருப்பார்கள்.

பெரும்பாலும் வந்துவிடுகிறேன்.