முடியாது என்று சொல்ல நாலு வருடம்

கூபர் பீடி,
திங்கட்கிழமை

அன்புள்ள அக்கா ஸ்மில்யாவுக்குத் தம்பி மிலோயே எழுதிக்கொண்டது. நான் நலம். உன் முழங்கால் வலி, அத்தானின் ரத்த அழுத்தம், உங்கள் அடிலெய்டு சர்ச் பெண்களின் நாக்கு, இந்த மூன்றும் ஒன்றையொன்று மிஞ்சாமல் இருக்கும் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் நீ பாதியிலேயே அழ ஆரம்பிப்பாய், மீதியை நான் காற்றுக்குச் சொல்ல வேண்டும். கடிதமென்றால் நீ அழுவது எனக்குக் கேட்காது. உட்கார்ந்து படி.

உன் மகள் நெவேனா என்னிடம்தான் இருக்கிறாள். மாநாட்டுக்குப் போவதாக அவள் உன்னிடம் சொன்னது பொய். இங்கே மாநாடு என்றால் நான், என் கூட்டாளி லெஃப்தேரிஸ், நாய், அவ்வளவுதான். ஒரு பையும் கம்ப்யூட்டருமாக பஸ்ஸை விட்டு இறங்கியவள், "மாமா, பிஎச்.டி.யை விட்டுட்டேன். ஓபல் கல் தோண்ட ஆள் வேணுமா?" என்றாள். சாப்பிட்ட பிறகு பேசலாம் என்று வீட்டுக்குக் கூட்டிப்போனேன். சாப்பாடு என்றால் லெஃப்தேரிஸ் மோப்பம் பிடித்து வந்துவிடுவான், வந்தான். "நீ பண்ற அந்த குவாண்டம் மெஷின் இந்த மேஜையில அடங்குமா பொண்ணு?" என்று கேட்டான்.

"மெஷினே கிடையாது அங்கிள். எங்க வேலை பேப்பர்ல. அது எப்படி இருக்கணும்னு நாங்க கணக்குப் போடுவோம், கட்டுறது வேற ஆளுங்க."

"அப்போ நாலு வருஷமா என்னதான் கண்டுபிடிச்சே?"

"எங்க கைடோட திட்டம் நடக்காதுன்னு."

அவன் முள்கரண்டியைக் கீழே வைத்தான். "நடக்காதுன்னு கண்டுபிடிக்க நாலு வருஷமா? என்கிட்ட வந்திருந்தா ஒரே நாள்ல டாக்டர் பட்டம் குடுத்திருப்பேனே. இவன்கூடச் சேர்ந்து தோண்டிட்டு இருக்கேன், இதைவிட என்ன நிரூபணம் வேணும்?"

அவள் சிரித்தாள். சிரிப்பு முடிய வேண்டிய இடத்தில் முடியாமல் அழுகையாகப் போய்விட்டது. பிறகு அவள் சொன்னதில் என் மண்டைக்குள் நுழைந்ததை மட்டும் எழுதுகிறேன். அந்தக் குவாண்டம் கம்ப்யூட்டர் நம் அத்தானைப் போல, பக்கத்தில் யாராவது தும்மினால்கூடப் போட்ட கணக்கு அழிந்துவிடுமாம். அழிவதை அது தானே சரிசெய்துகொள்ள அவளுடைய கைடு ஹாலோரன் ஒரு வழி சொல்லியிருக்கிறார், அதை நம்பி இரண்டு ஊர்களில் ஆய்வுக்கூடக்காரர்கள் கட்டிக்கொண்டும் இருக்கிறார்கள், அந்த வழி பலிக்கும் என்று நிரூபிப்பதுதான் இவளுக்குக் கொடுத்த வேலை, இவள் நிரூபித்ததோ எவ்வளவு பெரிதாகக் கட்டினாலும் சரிசெய்கிற வேகத்தைவிடக் கெட்டுப்போகிற வேகம் அதிகம் என்பதை. தன் கணக்கில்தான் தப்பு என்று மாதக்கணக்கில் தேடியிருக்கிறாள், பாவம். கைடும் தேடினாராம், அகப்படவில்லை. கடைசியில் அவர் ரொம்ப அன்பாக, "அந்த ஒரு அத்தியாயத்தை எடுத்துடும்மா, மத்ததே பட்டத்துக்குப் போதும். எடுக்கலேன்னா நான் கையெழுத்துப் போட முடியாது" என்றாராம். எடுக்க மனமில்லை, வைக்கத் தைரியமில்லை, பஸ் ஏறிவிட்டாள்.

நான் சொன்னேன், எடுத்துவிடு என்று. "இங்க எத்தனையோ பேர் தோண்டி ஒண்ணும் கிடைக்காம போறாங்க. எவனாவது மைக் வச்சு சொல்றானா? சத்தம் போடாம அடுத்த இடத்தைப் பாரு." லெஃப்தேரிஸும் அதையே சொன்னான். நாங்கள் இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனதைப் பார்த்து நாயே எழுந்து வெளியே போய்விட்டது. நெவேனா தலையாட்டினாள். மறுநாள் ஒழுங்காகச் சாப்பிட்டாள். நீ அவளுக்கு வைத்துக் கொடுக்காத மிளகாய் ஊறுகாயையும் சேர்த்து.

இனிமேல் வருவதுதான் உட்காரச் சொன்ன இடம். புதன்கிழமை நானும் லெஃப்தேரிஸும் புது இடம் ஒன்றுக்கு எல்லை அளந்து முளையடிக்கப் போனோம். டேப்பின் ஒரு முனை என் கையில், மறு முனை அவன் கையில். இங்கே ஊருக்குள் நுழையும்போதே பலகை வைத்திருக்கிறார்கள், பின்பக்கமாக நடக்காதே என்று. அந்தப் பலகைக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறவர்கள் சுற்றுலாக்காரர்கள். நாங்கள் ஊர்க்காரர்கள், பின்பக்கமாகத்தான் நடப்போம், டேப் முறுக்கிக்கொள்ளாமல் பார்க்க வேண்டுமே. அவன் என் தொப்பையைக் கிண்டல் செய்துகொண்டே பின்பக்கமாக நடந்து போனான். "நீ அங்கேயே நில்லு, உன்னைச் சுத்தி அளந்தாலே பாதி நிலம் ஆயிடும்" என்றான். டேப் விறைத்தது, பிறகு என் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடியது. நான், "மெதுவாப் போடா கழுதை" என்று திட்டினேன். அதுதான் நான் அவனிடம் கடைசியாகச் சொன்னது. ஒரு மண்மேட்டுக்குப் பின்னால் பழைய குழி. வேலி இல்லை, பலகை இல்லை. கயிறு கட்டி இறங்கியவர்கள் அவனை மேலே கொண்டுவந்தபோது உயிர் இல்லை. குழியின் சுவர் முழுக்க வெறும் மண், ஒரு பொட்டு ஓபல்கூட ஓடவில்லையாம். நீ அவனுக்குப் பார்த்து வைத்திருந்த அந்த விதவையிடம் இனி வேண்டாம் என்று சொல்லிவிடு.

சனிக்கிழமை அடக்கம் செய்தோம். அடக்கம் முடிந்ததும் கொடுக்கிற சர்க்கரை போட்ட கோதுமையைக் கிண்ணத்தில் வாங்கிக்கொண்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது உன் மகள் சத்தமாகக் கேட்டாள், "அது யார் தோண்டின குழி?" அத்தனை பேரும் கிண்ணத்துக்குள் கோதுமையை எண்ணினோம். இந்த ஊரில் தோண்டாதவன் யார்? கடைசியில் கிழவர் ஜார்கோதான் வாயைத் திறந்தார். "ஒண்ணும் கிடைக்காத குழியை எவன்மா சொல்லுவான்? வெட்கம். ராத்திரியோட கூடாரத்தைப் பிரிச்சுட்டுப் போயிடுவான்."

"அடுத்தவன் அங்கே நடப்பான்னு தெரியாதா தாத்தா?"

"தெரியும்" என்றார் ஜார்கோ, கரண்டியை நக்கிக்கொண்டு.

அதிலிருந்து அவள் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு தட்டுகிறாள், தட்டுகிறாள். நான் தட்டில் வைப்பதை நாய் சாப்பிடுகிறது. ஆனால் அக்கா, இதில் ஒரு நல்லது, பெண்ணுக்குப் புத்தி வந்துவிட்டது. மாமா சொன்னபடி அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டு மற்றதை ஒட்டிக்கொண்டிருக்கிறாள் போல. கைடு கையெழுத்துப் போடுவார், வரும் ஞாயிறு பஸ்ஸில் உன்னிடம் வருவாள். முட்டைக்கோஸ் இலையில் இறைச்சி சுருட்டி வை. மகள் கம்ப்யூட்டர் செய்கிறாள் என்று சர்ச்சில் சொல்லி வைத்ததை நீ மாற்ற வேண்டியதில்லை.

அத்தானுக்கு என் வணக்கம். உங்கள் வீட்டுக் கூரை உறுதியாக இருக்கட்டும், உன் முழங்கால் மாடிப்படியை மன்னிக்கட்டும், மகளைப் பட்டத்தோடு பார்க்கும்வரை உங்கள் இருவருக்கும் கண் தெளிவாக இருக்கட்டும்.

அன்புத் தம்பி,
மிலோயே

பி.கு.: செவ்வாய்க்கிழமை எழுதுகிறேன். நேற்று ராத்திரி உறையை ஒட்டும் முன் நெவேனாவிடம் படித்துக் காட்டினேன். மேலே எழுதியதில் லெஃப்தேரிஸ் செத்தது மட்டும்தான் சரியாம். அந்த அத்தியாயத்தை எடுக்கவில்லை, முதலாவதாக வைத்திருக்கிறாள். கைடுக்கும் கட்டிக்கொண்டிருக்கிற அந்த இரண்டு கூடங்களுக்கும் அனுப்பியாகிவிட்டது. கூடங்களிலிருந்து பதில் இல்லை. கைடு மட்டும், இனி வேறு ஆளைப் பார்த்துக்கொள் என்று எழுதிவிட்டார். பட்டம் கிடைக்குமா என்று கேட்டேன், தெரியாது என்றாள். ஞாயிறு வரை காத்திருக்காதே, கையெழுத்துப் போட ஆள் தேடி இன்று காலையே பிரிஸ்பேனுக்குக் கிளம்பிவிட்டாள். பஸ் ஏற்றிவிடப் போகிற வழியில் அந்தக் குழிக்கு வண்டியை ஓட்டச் சொன்னாள். என் பழைய லாரியின் கதவைக் கழற்றி, அவள் பெயின்ட்டில் எழுத, நான் நட்டேன்: "குழி. இங்கே ஒன்றும் இல்லை." லெஃப்தேரிஸ் படித்திருந்தால், "இதை முன்னாடியே எழுதி வைக்கிறதுக்கு என்னடா கேடு?" என்று கேட்டிருப்பான்.