மீன்தலைக்காரன் ஆட்டம்

தாமோதரன் அந்த ஆட்டத்தை ஆடவே இல்லை. அதுதான் சிக்கல்.

வாசலில் மூன்று கல்லூரிப் பிள்ளைகள் நின்றார்கள். மூன்று பனியனிலும் மீன்தலை மனிதன் படம்.

"அண்ணா, 'குழாய்க்குள் கடல்' படத்துல மீன்தலைக்காரர் நீங்கதானே?" என்றாள் வினிதா.

அவன்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால் நெல்சனும் சாலமனும் எண்ணூரில் அந்தப் படத்தை எடுத்தார்கள். கேஸ் சிலிண்டரையும் தகர டிரம்மையும் தட்டிவிட்டு, அதுதான் இசை என்று சாதித்த ஆட்கள். மீன்தலையோடு ஒருவன் குழாயிலிருந்து வெளியே வந்து தன் கடலைத் தேடுகிறான், கதை அவ்வளவுதான். படகுப் பட்டறையில் வெல்டரான தாமோதரன், காகிதக்கூழ்த் தலையை மாட்டிக்கொண்டு பதினோரு நாள் அனல்மின் நிலையச் சாம்பல் மேட்டில் நடந்தான். பன்னிரண்டாம் நாள், படத்தின் கடைசி ஆட்டத்தை எடுக்கும் அன்று, காய்ச்சலில் விழுந்தான்.

"வேற ஆள வச்சு முடிச்சிட்டோம்ணே" என்று நெல்சன் பிறகு சொன்னான். யாரென்று தாமோதரனும் கேட்கவில்லை.

அப்போது சீந்த ஆளில்லாத படம். இப்போது அந்தக் கடைசி ஆட்டத்துக்காகவே திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள்.

"இப்டி ஆடுனது நீங்கதானே?" வினிதா செல்போனை நீட்டினாள்.

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். அதற்குள் மனைவி மங்கை மீன்கூடையை இறக்கிவிட்டு எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று!

"நான்தாம்மா" என்றான்.

"ராயபுரத்துல படம் போடுறோம். மேடையில நீங்க ஆடணும்!"

"முட்டி வலிம்மா."

மறுநாளே போஸ்டர் வந்தது: 'முட்டி வலியையும் பொருட்படுத்தாமல்...' ஐம்பது பேர் உட்காரும் கூடத்துக்கு இருநூறு பேர் பெயர் கொடுத்தார்கள்.

"அந்தத் தல இல்லாம எனக்கு ஆட்டமே வராது. அது மழையில ஊறிப் போச்சு" என்று தாமோதரன் அடுத்த சாக்குச் சொன்னான்.

இரண்டே நாளில் புதுத் தலை வந்தது. கண்ணில் பல்பு வேறு.

கதவைச் சாத்திக்கொண்டு ஆடிப் பழகினான்.

"இன்னாய்யா, கொசு அடிச்சிகினு கீறியா?" ஜன்னலில் மங்கை. "வரலன்னா வரலன்னு சொல்லேன். யாரு இன்னா பண்ணிடுவாங்க?"

உனக்குப் பிடித்திருந்ததே என்று சொல்ல வந்ததை விழுங்கினான்.

படம் போட்ட அன்று மேடையில் சாலமன் சிலிண்டரைத் தட்டினான். தாமோதரன் இரண்டடி வைத்தான். மூன்றாவது அடி எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மீன்வாய் வழியாக முதல் வரிசையில் மங்கை மட்டும் தெரிந்தாள். தலையைக் கழற்றினான்.

"அத ஆடுனது நான் இல்லபா. அன்னிக்கு ஜுரத்துல படுத்துகினு இருந்தேன். என் பொஞ்சாதி சிரிச்சத பாத்துட்டு பொய் சொல்லிட்டேன். மன்னிச்சிக்கோங்க."

நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த இருநூறு பேரும் எழுந்து கைதட்டினார்கள்.

"தலைய கழட்டுறதுதான்டா ஆட்டமே!" என்று ஒருவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

தாமோதரன் இறங்கி வந்து மங்கை பக்கத்தில் உட்கார்ந்தான்.

"பேஜாராப் பூட்ச்சி மங்கை. கோவமா?"

அவள் முந்தானையால் அவன் நெற்றி வியர்வையைத் துடைத்தாள். அவள் கண்ணும் ஈரமாக இருந்தது.

குச்சியும் கையுமாக வந்த சாலமன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இன்னாக்கா, அண்ணனால எழுந்திரிக்க முடியலன்னு நீ வந்து தலைய மாட்டிக்கினு ஆடிக் குடுத்தியே, அத இன்னும் இவருகிட்ட சொல்லவே இல்லியா?"